கிரைண்டர் கம்பெனிக்குச் சம்மன்

என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே வழக்கு ஒரு மாவு கிரைண்டருக்காக. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும், “ஜெயிச்சீங்களா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கம்பெனியின் கையில் சம்மனைக் கொடுக்க முடிந்ததா என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் எப்போதோ ஒரு கம்பெனி மேல் கேஸ் போட்டவராக இருந்திருப்பார்.

1991-இல் நானும் என் அண்ணியும் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு மெஸ் நடத்திக்கொண்டிருந்தோம். அண்ணன் லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் பெங்களூர் ரோட்டில் எங்காவது இருப்பார். சமையல் அண்ணியுடையது. நான் தபாலில் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். அதாவது, சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர்களும், சுற்றுப்பட்டுக் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் எங்களிடம் சாப்பிட்டார்கள். கூட்டம் கூடக்கூட ஆட்டுக்கல் எங்கள் இரண்டு பேரின் தோளையும் வாங்கியது. ஒரு கிரைண்டர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கிரைண்டர் செய்கிற கம்பெனியே ஒரகடம் ரோட்டில் இருந்தது. வல்லத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையோரம் நடந்தால் ஒரு தகரக் கொட்டகை வரும். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் எருமைகள். கொட்டகையின் மேல் போர்டில் ‘இண்டர்நேஷனல்’ என்று போட்டிருந்தது. எந்த நாட்டுக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கிரைண்டர் வந்திறங்கிய அன்று அண்ணி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். மறுநாள் காலை இட்லி பூப்போல இருந்தது. பூவுக்குள் மணல் இருந்தது.

கல்லிலிருந்து பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது. முதலில் நறநறவென்று இருந்தது. பிறகு அரிசி அளவுக்குத் துண்டுகளே வர ஆரம்பித்தன. எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர், பக்கத்துக் கம்பெனியில் பிட்டர், இரண்டாவது இட்லியில் வாயைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். கடைவாய்ப் பல் பாதியாக உடைந்திருந்தது. நல்ல மனிதர், திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் தினமும் வந்து, பக்கத்தில் உட்காருகிறவரிடம் வாயைத் திறந்து காட்டி, “இங்கதான் போச்சி, இந்த பெஞ்சிலதான்” என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார். அவர் திட்டியே தொலைத்திருக்கலாம்.

கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். பவுடர் போட்ட முகம், சட்டைப் பையில் நாலு பேனா. “புதுக் கல்லு அப்படித்தாம்மா. தவிடு போட்டு ஆட்டுங்க. பழகிடும்” என்றார். நாங்கள் தவிடு போட்டு ஆட்டினோம். தவிட்டிலும் கல் வந்தது.

“கல்லு பழகணுமாமா?” என்றாள் அண்ணி. “அது இன்னா கன்னுக்குட்டியா, பழகறதுக்கு? கல்லு தரமா இல்லன்னு சொல்றதுக்கு அந்தாளுக்கு வாய் வரலியா?”

திரும்பப் போனேன். அதற்கும் பிறகு ஒருமுறை போனேன். அந்த முறை மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. கல்லை மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் மிஷினை எடுத்துக்கொண்டு கொடுத்த காசைத் திருப்பிக் கொடுங்கள், முடியாதென்றால் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். அவர் லேத்தில் நின்றவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

“கேட்டீங்களாய்யா? மாவு ஆட்டுற பொண்ணு நம்ம மேல கேஸு போடுதாம்!” பிறகு என்னிடம், “போடும்மா. போடு. கம்பெனி மேல கேஸ் போடறது இன்னான்னு நீயும் தெரிஞ்சிக்க” என்றார்.

சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கு அவர் மேனேஜர். சிரித்துத்தான் ஆக வேண்டும். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. வல்லம் பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்ததே நினைவில்லை. அதுவரை கோர்ட் என்பது வெறும் வாய்ப்பேச்சு. அன்றைக்குப் பிறகு இல்லை.

வக்கீல் ஆபீஸ் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறினால் யூரியா வாசம் கூடவே வரும். வக்கீல் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கேஸ் ஒண்ணும் பெரிசில்ல. கல்லே சாட்சி சொல்லும். ஆனா அந்தக் கம்பெனியைக் கோர்ட்டுக்குள்ள கொண்டாறணும். சம்மன் அவங்க கையில சேர்ந்தாத்தான் கேஸு நகரும். சேரலேன்னா ஒரு அடி நகராது. அதுதான் பாடு” என்றார்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஒரு தாளை ஒரு இடத்தில் கொடுப்பதில் என்ன பாடு? கம்பெனி எங்கேயும் ஓடிப்போகவில்லையே. ஏரிக்கரையில்தானே இருக்கிறது. பி.ஏ. படித்த அறிவு.

முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டோம். முதலில் சம்மன் ரிஜிஸ்டர் தபாலில் போயிற்று. ‘விலாசதாரர் இல்லை’ என்று எழுதப்பட்டுத் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்துத் தபால்காரர் எங்கள் மெஸ்ஸுக்கு வந்தபோது கேட்டதற்கு, “நான் இன்னாம்மா பண்றது? போனா, ‘அவரு இல்ல’ன்றாங்க. யாரு அவருன்னு கேட்டா, ‘அதான் இல்லேன்றோமில்ல’ன்றாங்க” என்றார்.

ஆகவே கோர்ட் அமீனாவை அனுப்பியது. சம்மனை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கு அமீனா என்று பெயர். பெயரைக் கேட்டதும் மீசையும் தடியுமாக ஒருவரை நினைத்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், ஒரு குடையும் பழுப்பு நிறப் பையுமாக இருந்தார். கம்பெனியை அடையாளம் காட்ட நான் கூடப் போக வேண்டும். புறப்படும் முன் மெஸ்ஸில் அவரைச் சாப்பிடச் சொன்னோம். கேஸ் கட்டை அவர் படித்திருந்தார் போல. இட்லியைப் பிட்டு, விரலால் நசுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

“கையால ஆட்டுன மாவுங்க. தைரியமா துண்ணுங்க” என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு அவர் ஏராளமான தைரியத்தோடு சாப்பிட்டார்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் எங்களை மறித்தார். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கத்தில் பையோடு நடக்கிற எல்லோரையும் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். வாட்ச்மேன் அமீனாவின் பையைத் திறந்து, ஒவ்வொரு சம்மனாக எடுத்து உதறிப் பார்த்தார். பிறகு, “இன்னா விஷயம்?” என்றார்.

“சம்மன். கம்பெனிக்கு.”

“மொதலாளி இல்ல.”

“மொதலாளி வேணாம்பா. கம்பெனி சார்பா யாராச்சும் வாங்கிக்கலாம்.”

“நான் காண்ட்ராக்டு. என்னிய செக்யூரிட்டி ஆபீஸ்ல இருந்து அனுப்பிக்கிறாங்க. இந்தக் கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல” என்றார், கம்பெனியின் பெயர் தைத்த தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி.

உள்ளே போனோம். பவுடர் மேனேஜர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மேனேஜர் இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். “நான் சும்மா சம்பளத்துக்கு இருக்கேன் சார். மேனேஜர்ன்றது மரியாதைக்குக் கூப்புடறாங்க” என்றார். கணக்கு எழுதுகிறவர், தான் வாரத்தில் சில நாள் மட்டும் வருவதாகச் சொன்னார். லேத்தில் நின்றவர்கள் தினக்கூலி. டெலிபோன் எடுத்த பெண்மணி, தன் அக்காவுக்கு உடம்பு சரியில்லாததால் அவளுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். ஒரு கம்பெனி முழுவதையும் சுற்றி வந்துவிட்டோம். கம்பெனியைச் சேர்ந்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை. மிஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

வெளியே வந்ததும் அமீனா குடையை விரித்துக்கொண்டார். “ஆளுன்னா கையில குடுத்துடலாம்மா. வாங்கமாட்டேன்னா காலடியில வச்சிட்டுக்கூட வரலாம். கம்பெனிக்குக் கை ஏது, கால் ஏது?” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அவருக்கு இது வேலை. மாதத்தில் எத்தனையோ கம்பெனிகள் இப்படி. எனக்குத்தான் அழுகை வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

அவருக்கும் கோபம் வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது தடவை அது நடந்தது.

அடுத்த வாய்தாவுக்கு முன் மறுபடியும் போனோம். தகரக் கொட்டகை அதே கொட்டகை. எருமைகள் அதே எருமைகள். போர்டில் மட்டும் வேறு பெயர். ‘இண்டர்நேஷனல்’ போய், ஒரு சாமியின் பெயரோடு ‘எண்டர்பிரைசஸ்’ வந்திருந்தது. அவசர வேலை, புதுப் பெயரின் மஞ்சளுக்கு அடியில் பழைய பெயரின் நீலம் எட்டிப் பார்த்தது. சாமி எழுத்தின் வயிற்றுக்குள் ‘இண்டர்’ அப்படியே தெரிந்தது. கேட்டிலும் அதே பெயரைப் பெரிசாக எழுதியிருந்தார்கள்.

வாட்ச்மேன் தெளிவாக இருந்தார். “நீங்க கேக்கற கம்பெனி காலி பண்ணிக்கினு போயிடுச்சி. இது வேற கம்பெனி.”

“நீ?”

“நான் ரெண்டுலயும் காண்ட்ராக்டு.”

அமீனா பெருமூச்சு விட்டார். வெயில் வேறு. குடையை மடக்கிவிட்டு, கேட்டில் சாய்ந்து நின்று, பையிலிருந்து தாளை எடுத்து, இன்னின்ன தேதியில் வந்தேன், இன்னார் இப்படிச் சொன்னார் என்று பொறுமையாக எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது வாட்ச்மேனின் முகம் ஒரு மாதிரி ஆனது. அமீனா திரும்பினார். வெள்ளைச் சட்டையின் முதுகில் ‘எண்டர்’ என்று மஞ்சளில், இடம் வலம் திரும்பிய எழுத்தாக, பதிந்திருந்தது. பெயிண்ட் காயவே இல்லை.

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக அடக்கிக்கொண்டேன். வாட்ச்மேனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளேயிருந்து மேனேஜரும் எட்டிப் பார்த்து, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

அமீனா சட்டையைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்தார். பனியனோடு பஸ்ஸில் வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும்போது, “தீபாவளிக்கு எடுத்த சட்டைம்மா” என்றார். “அவன் கையில இத நான் குடுக்காம ரிட்டையர் ஆகமாட்டேன்.”

கோர்ட் இப்போது, சம்மனைக் கம்பெனியின் வாசலில் ஒட்டிவிட்டு வரச் சொன்னது. இதற்கு ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது என்று வக்கீல் சொன்னபோது, முதலிலேயே ஏன் இதைச் செய்யவில்லை என்று நினைத்தேன். அண்ணி மைதா மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தாள். எங்கள் மெஸ்ஸின் எந்தப் பண்டத்திலும் அவள் இவ்வளவு சிரத்தை காட்டியதில்லை. அமீனா, பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கேட்டில் நடுமத்தியில் சம்மனை ஒட்டினார். இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வாங்க வேண்டும். அக்கம்பக்கத்தில் ஆள் கிடையாது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டோம். அவர்கள் வரப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் ஒரு பசு மாடு கேட்டருகே வந்து, சம்மனை ஒரு ஓரத்திலிருந்து நக்க ஆரம்பித்து, நாங்கள் ஓடிப் போவதற்குள் முழுசாக இழுத்து விழுங்கிவிட்டது. பசை அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது.

“இப்ப அதுகிட்ட கையெழுத்து வாங்குங்க” என்றார் வாட்ச்மேன்.

வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, “அது எங்க மாடுதான். அதுக்கு இன்னா ஆவும்? அதுல மருந்து கிருந்து கீதா?” என்று எங்கள் மேலேயே சண்டைக்கு வந்தாள். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது வெறும் கோர்ட் தாள் என்று அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. நடந்ததை அமீனா நடந்தபடியே எழுதிக்கொடுத்தார். கோர்ட்டில் அது படிக்கப்பட்டபோது பின் பெஞ்சில் இருந்த வக்கீல்கள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாகக் கேட்டது. வழக்கு மறுபடியும் தள்ளிப் போயிற்று. நேரிலேயே கொடுக்க இன்னொரு முறை முயற்சி செய்யச் சொன்னார்கள்.

அதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. நான் தளர்ந்துதான் போயிருந்தேன். மாவு மறுபடியும் ஆட்டுக்கல்லில். கிரைண்டர் ஒரு மூலையில் துணி போர்த்தி நின்றது. அதன்மேல் அண்ணி வெங்காயக் கூடையை வைத்திருந்தாள். விட்டுவிடலாம் அண்ணி என்று ஒரு நாள் சொன்னேன். “நீ வுடு. நான் வுடமாட்டேன்” என்றாள். அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்பு ஒருவர் மெஸ்ஸுக்கு வந்தார். ஒரகடம் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஸ்டோர் கீப்பராம். பூஜைக்கு வடை, கேசரி, சுண்டல் வேண்டும். உங்கள் மெஸ் வடை நன்றாக இருக்கும் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள் என்றார். எந்தக் கம்பெனி என்று அண்ணி கேட்டாள். சாமி பெயரோடு எண்டர்பிரைசஸ் என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தாள். “மொதலாளி வருவாரா? ஏன் கேக்கறேன்னா, மொதலாளி வந்தா கேசரியில நெய்யி ஜாஸ்தி வுடுவோம்.”

“வராம இருப்பாரா? அவரு கையாலதான் பூசணிக்கா ஒடைப்பாரு” என்றார் ஸ்டோர் கீப்பர்.

அன்று மத்தியானமே நான் கோர்ட்டுக்குப் போய் அமீனாவிடம் சொன்னேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து சம்மனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணிக்கு இன்னொரு யோசனை இருந்தது. வடை மாவை அந்தக் கிரைண்டரிலேயே ஆட்டிவிடுவது. அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. லேத்தில் நிற்கிறவர்கள் வாயில் எதற்குக் கல்? முதலாளிக்கு மட்டும் தனியாக ஒரு வடை என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உளுந்தைக் கையால் ஆட்டினாள்.

அரசாங்க விடுமுறைக்கு முந்தின நாளே கம்பெனிகளில் பூஜை போட்டுவிடுவார்கள். வேனில் அண்டாக்களோடு போய் இறங்கினோம். அமீனா கேசரி வாளியைத் தூக்கிக்கொண்டார். தோளில் துண்டு, துண்டுக்கு அடியில் பை. வடை வாசத்துக்கு வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்துவிட்டார்; வாளி தூக்கியவர் முகத்தையும் அண்டா தூக்கிய என் முகத்தையும் அவர் பார்க்கவே இல்லை. சோறு கொண்டுவருகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

உள்ளே லேத்துக்கெல்லாம் மாவிலை கட்டி, பொட்டு வைத்திருந்தார்கள். சுவரோரமாகக் கிரைண்டர்கள் வரிசையாக நின்றன, எல்லாவற்றுக்கும் சந்தனம். எத்தனை மெஸ்களுக்கு இவை போகப்போகின்றனவோ. முன்னால் பட்டு வேட்டியில் ஒருவர் நின்றார். அவர்தான் முதலாளி என்று சொல்லாமலே தெரிந்தது. எல்லோரும் அவரிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார்கள். அத்தனை மாதமாக இல்லவே இல்லாத ஒருவர் பார்ப்பதற்கு நல்ல பூரிப்பாக இருந்தார்.

மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டார். முதலில் என்னை, பிறகு வாளியை, பிறகு வாளி தூக்கியவரை. முதலாளியின் பக்கம் அவர் ஒரு அடி வைத்தார். அந்த நேரம் பார்த்துக் குருக்கள், “இந்தாப்பா, நீ சும்மாதானே நிக்கறே” என்று அவர் கையில் மணியைக் கொடுத்து ஆட்டச் சொல்லிவிட்டார். சாமி காரியம். பாவம், மணியை ஆட்டிக்கொண்டே கண்ணால் முதலாளிக்கு ஜாடை காட்டினார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

குருக்கள் தட்டை எடுத்துக்கொண்டு கேட்டார். “அர்ச்சனை யார் பேருக்கு?”

“கம்பெனி பேருக்கே பண்ணிடுங்க.”

“எந்தப் பேருக்கு? போர்டுல புதுசா என்னமோ எழுதியிருக்கேளே. போன வருஷம் வேற பேர்னா சொன்னேள்?”

“பழைய பேருக்கே பண்ணுங்க சாமி” என்றார் முதலாளி. பிறகு ‘இண்டர்நேஷனல்’ வரைக்கும் அந்த முழுப் பெயரையும், ஒரு எழுத்து விடாமல், பக்தியோடு சொன்னார். “லைசென்ஸ், கரெண்டு எல்லாம் அதுலதான் இருக்கு. போர்டு சும்மா. ஒரு தொல்லைக்காக மாத்தி வச்சிருக்கோம்.”

மனிதர்களிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும், சாமியிடம் பொய்ப் பெயரில் அர்ச்சனை செய்தால் பலன் வேறு யாருக்காவது போய்விடுமே என்ற பயம் அவருக்கு. எனக்கு அந்த நிமிடம் அவர்மேல் ஒருவித மரியாதைகூட வந்தது.

அமீனா அவசரப்படவில்லை. அர்ச்சனை முடிந்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்வரை வாளியோடு நின்றார். தானும் ஒற்றிக்கொண்டார். பிறகு வாளியைக் கீழே வைத்து, துண்டால் கையைத் துடைத்து, பையிலிருந்து தாளை எடுத்தார்.

“சார், இப்ப அர்ச்சனை பண்ணீங்களே, அதே பேருக்கு ஒரு சம்மன் இருக்கு. முன்சீப் கோர்ட்டு.”

மணிச் சத்தம் நின்றது. முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மணியைப் பார்த்தார்.

“என்னய்யா இது? பூஜை நாள்ல வந்து? கோர்ட்டுக்கு லீவு இல்லையா?”

“லீவு நாளைக்குத்தான் சார். இன்னிக்கு நான் டூட்டியிலதான் இருக்கேன்.”

“நான் கம்பெனியில இல்ல. நான் வெறும்...” முதலாளி சுற்றிலும் பார்த்தார். லேத்துக்காரர்கள், வெல்டர்கள், டெலிபோன் பெண்மணி, பூசணிக்காயைக் கையில் வைத்திருந்த ஸ்டோர் கீப்பர், எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் தான் யாருமில்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவர் வேறு வழி தேடினார். “பேனா எல்லாம் பூஜையில வச்சாச்சு. இன்னிக்கு எழுதக்கூடாது. கையெழுத்துப் போட முடியாது.”

உண்மையில் மேனேஜரின் நாலு பேனாவும் சரஸ்வதி படத்துக்கு முன்னால்தான் இருந்தன.

“பரவாயில்ல சார்” என்றார் அமீனா. பையிலிருந்து ஒரு மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். “கைநாட்டு வைங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு அப்படித்தான் வாங்குவோம். அதுவும் செல்லும்.”

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். அது வாட்ச்மேன் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு எந்தப் பக்கத்திலும் சிரிப்பு வரும். ஆபீஸ் அறைக் கதவில் முதலாளியின் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் மூன்று பட்டங்கள் போட்டிருந்தன. முதலாளி மைப்பெட்டியைப் பார்த்தார்; தன் கட்டை விரலைப் பார்த்தார். பிறகு அமீனாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே பிடுங்கி, தாளில் கையெழுத்துப் போட்டார். பெரிய கையெழுத்து. தாளின் விளிம்பைத் தாண்டிப் போயிற்று.

அமீனா தன்னுடைய பிரதியை மடித்து வைத்துக்கொண்டு, “வரேன் சார். கேசரியில நெய்யி நல்லா இருக்குது, சாப்புடுங்க” என்றார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பல மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மாவு ஆட்டுற பொண்ணு என்றுதான் அது ஆரம்பிக்கும். அதைச் சொல்லாமல் சுண்டலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். ஆட்கள் வரிசையில் வந்து வாங்கினார்கள். முதலாளியும், கோபத்திலோ பசியிலோ, ஒரு வடையை எடுத்துக் கடித்தார். கடித்தவர் கொஞ்சம் நிதானித்து, “வடை நல்லாத்தான் இருக்கு” என்றார், யாரிடமும் இல்லாமல்.

“கையால ஆட்டுனது சார்” என்றாள் அண்ணி. “உங்க மிஷின்ல ஆட்டியிருந்தா உங்க பல்லு இந்நேரம் என் அண்டாவுல கெடக்கும்.”

அதற்கப்புறம் கோர்ட்டில் பெரிய யுத்தம் நடக்கப்போகிறது என்று நினைத்தேன். சாட்சிக் கூண்டில் ஏறினால் என்ன கட்டுவது என்று யோசித்து ஒரு நூல் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். வக்கீல் கேட்கப்போகிற கேள்விகளுக்குக் கண்ணாடி முன்னால் பதில் சொல்லிப் பார்த்தேன். வாய்தா, பிறகு வாய்தா, அதற்கும் பிறகு வாய்தா. ஒரு நாள் எங்கள் வக்கீலும் அவர்கள் வக்கீலும் வராந்தாவில் சேர்ந்து காபி குடித்துவிட்டு வந்தார்கள். சமரசம் ஆகிவிட்டது, புதுக் கல் போட்டுத் தருகிறார்கள், செலவையும் கொடுத்துவிடுகிறார்கள் என்றார் எங்கள் வக்கீல். உள்ளே போய், கூப்பிட்டதும் எழுந்து நின்று, சம்மதமா என்று கேட்டதற்குச் சம்மதம் என்றேன். அவ்வளவுதான். அந்தப் புடவையைக் கோர்ட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

“தீர்ப்பு எங்க?” என்று அண்ணி வெளியே வந்ததும் கேட்டாள்.

“இதான்மா தீர்ப்பு” என்றார் வக்கீல்.

“யாரு தப்புன்னு ஒருத்தரும் சொல்லலியே.”

வக்கீல் சிரித்தார். அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. எனக்கு அன்று பஸ்ஸில் மனசு வெறுமையாக இருந்தது. கல் கிடைத்தது; ஆனால் கல் மோசம் என்று யாராவது ஒருவர், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உரக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றல்லவா இத்தனை நாள் நடந்தேன்.

கம்பெனி சில வருஷம் கழித்துக் கொட்டகையைப் பிரித்துவிட்டு நிலத்தை விற்றுவிட்டது. ஒரகடம் பக்கம் பெரிய தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு கிளம்பியிருந்த நேரம். கிரைண்டரில் சம்பாதிக்காததை முதலாளி அந்த ஏரிக்கரை மண்ணில் சம்பாதித்தார் என்று சொன்னார்கள். அமீனா அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து இலைக்காரருக்கு ஆயுத பூஜைக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் முதலாளி இன்னும் கொஞ்சம் குண்டாவார். கடைசியாக நான் கேட்டபோது, அவர் கைநாட்டே வைத்துவிட்டிருந்தார்.

புதுக் கல் வந்த மறுநாள் காலை, முதல் ஈட்டு இட்லியை யாரும் தொடுவதற்கு முன் அண்ணி தான் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அடுப்பங்கரை முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பக்கத்துப் பல்லில் கொஞ்ச நேரம், மறுபக்கத்துப் பல்லில் கொஞ்ச நேரம் மென்றாள். நான் சட்னிக் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

“உப்பு கம்மி” என்றாள்.